ஈறும் இடமும்: திருநரின் உள்ளாட்சி உரிமை குறித்த தீர்ப்புகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமானூர், அரியலூர் மாவட்ட ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடமாகும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிவுற, நிருவாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அதன்பின் நடைபெறும் தேர்தலில், இவ்வொன்றியத்துத் திருநங்கை ஒருவர் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட வார்டில் வேட்புமனு அளிக்கிறார் எனக் கொள்வோம். தேர்தல் நடத்தும் அலுவலர் அம்மனுவை எந்த அடிப்படையில் ஏற்பார், அல்லது தள்ளுவார்? இவ்வினாவை முன்வைத்து, நீதிமன்றத் தீர்ப்புரைகள் சிலவற்றைப் பனுவல்களாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கண மரபு காட்டும் சட்டகம்

தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்களுக்குத் தமக்கெனப் பாலுணர்த்தும் தனி ஈறு இல்லை என்கிறது. அவை உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே முடியும். தனி ஈறு இல்லையெனினும் அவர்கள் உயர்திணையினின்று நீக்கப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. நன்னூலாரோ, எப்பாலை ஒருவர் அவாவுகின்றாரோ அதனைக் கொண்டே அவரது பாலை வகுக்கிறார். உடலை விட்டு விருப்பத்தை அளவுகோலாக்கிய இவ்விதி வியப்புக்குரியது. ஆயினும் அதே நூற்பா, இவர்கள் அஃறிணையை ஒத்து வரவும் இடமளித்துவிடுகிறது.

இலக்கணம் சட்டமாகாது, சொல்லின் முடிபு பற்றிய விதியை மனிதரின் உரிமை பற்றிய விதியாகக் கொள்ளவும் இயலாது. எனினும் இன்றைய உள்ளாட்சிச் சட்டத்தின் சிக்கலை விளக்க இச்சட்டகம் பயன்படுகிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. பால் அடிப்படையில் நோக்கின், அங்குள்ளவை பெண்களுக்குரிய இடம், பொது இடம் என்னும் இரண்டே. திருநருக்கெனத் தனி இடம் இல்லை. தனி ஈறு இல்லாப் பெயர் பிறிதோர் ஈற்றை ஏற்பதுபோல, தனி இடம் இல்லா வேட்பாளரும் பிறிதோர் இடத்தையே நாட வேண்டியுள்ளது. அவ்விடத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பதே வழக்குகளின் மையம்.

இரு தீர்ப்புகள்

மத்தியப் பிரதேசத்தின் கட்னி மாநகராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவிக்குக் கமலா ஜான் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டத்தின் பார்வையில் அவர் ஆண் எனக் கூறி அவரது வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டது. 2003இல் அம்மாநில உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. வாக்காளர் அவரை இன்னார் என அறிந்தே வாக்களித்தனர். அவ்வறிதலுக்குத் தீர்ப்புரையில் மதிப்பில்லை. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலே இறுதிச் சான்றாயிற்று.

மகாராட்டிரத்தின் ஜள்காவ் மாவட்டத்துப் பாட்லி புத்ருக் ஊராட்சியில் இதற்கு நேர்மாறான முடிவு கிட்டியது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் அஞ்சலி குரு சஞ்சனா ஜான் அளித்த வேட்புமனுவைத் தேர்தல் அலுவலர் தள்ளினார். 2021 ஜனவரி 2ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அம்முடிவை நீக்கி, அவரைப் போட்டியிட அனுமதித்தது. தேர்தலில் அவர் வென்றார். அவாவிய பாலே பால் என்னும் கருத்து இங்கு நீதிமன்றத்தில் நிலைபெற்றது எனலாம்.

ஆயினும் இத்தீர்ப்பும் திறனாய்வுக்குரியதே. மனுதாரர் வாழ்நாள் முழுமைக்கும் பெண் என்னும் தெரிவை மேற்கொண்டுள்ளார், இனி ஆண்பாலுக்கு மாறமாட்டார் என்னும் கூற்றை நீதிமன்றம் தன் முடிவுக்கு ஆதாரமாகக் கொள்கிறது. வேறெந்தப் பெண் வேட்பாளரிடமும் கேட்கப்படாத உறுதிமொழி இது. உரிமையை வழங்கும் தீர்ப்பே, அதனைப் பெறுவோரிடம் ஐயப்பார்வையையும் உடன் வைத்திருப்பது புலப்படுகிறது. தம்மைப் பெண்ணென்றோ ஆணென்றோ கூறாது திருநர் என்றே கூறுவோருக்கு இதில் வழியும் இல்லை.

2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின் இடைவெளி

2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கில் நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர் வழங்கிய தீர்ப்பு, தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. திருநரைச் சமூக, கல்வி நிலையில் பிற்பட்ட வகுப்பினராகக் கருதி இடஒதுக்கீடு வழங்கவும் பணித்தது. ஆனால் அவ்விடஒதுக்கீடு கல்வி நிறுவனங்களையும் பொதுப்பணி நியமனங்களையும் மட்டுமே சுட்டுகிறது. மக்களாட்சி மன்றங்களைச் சுட்டவில்லை. கற்கவும் பணியாற்றவும் வழிவகுத்த தீர்ப்பு, ஆளும் இடத்தைப் பற்றி மௌனம் காக்கிறது.

இம்மௌனத்தின் விளைவை ஊர்களிலேயே காண இயலும். கடலூர் மாவட்டம் நைனார்குப்பத்தில் திருநங்கையருக்கு வழங்கப்பட்ட வீட்டுமனைப் பட்டாக்களை எதிர்த்து ஊராட்சித் தரப்பே நீதிமன்றம் சென்றது. 2023இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்த சென்னை உயர்நீதிமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் திருநருக்கு இடஒதுக்கீடு அளிக்குமாறு அரசுக்குப் பரிந்துரைத்தது. தில்லியில் பெற்ற உரிமை நைனார்குப்பத்தில் ஒரு வீட்டுமனையளவில் எதிர்க்கப்பட்டதை இவ்வழக்கு காட்டுகிறது. மனை, குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை ஆகியன பேசப்படும் மன்றத்தில் தமக்கெனக் குரலில்லாதவர், ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றத்தை நாட நேரும். நீதிமன்றம் சென்று மீளும் செலவும் காலமும் எல்லோர்க்கும் இயல்வன அல்ல.

எதிர்வாதங்கள்

திருநர் இடஒதுக்கீட்டை மறுப்போர் இரு காரணங்களை முன்வைப்பர். முதலாவது, இடஒதுக்கீடு இன்றியே வெல்லலாம் என்பது. 2020 ஜனவரியில் திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினராக ரியாவும், 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சி மாமன்ற உறுப்பினராகக் கங்காவும் வென்றது உண்மையே. இருவரும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் வேட்பாளர்கள். ஆனால் கட்சி வாய்ப்பளித்தால் வெற்றி கிட்டும் என்பதையே இவ்வெற்றிகள் காட்டுகின்றன. கட்சியின் நல்லெண்ணம் உரிமையாகாது.

இரண்டாவது, எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ‘பிறர்’ எனப் பதிவானோர் ஏறத்தாழ 22 ஆயிரம் பேர். இவர்கள் மாநிலமெங்கும் சிதறி வாழ்கின்றனர். ஆதலின் மக்கள்தொகை விகிதப்படி ஒரு சிற்றூராட்சியில் ஒரு வார்டை ஒதுக்குதல் இயலாது. இவ்வாதம் வலுவுடையது; ஆயினும் வார்டு ஒதுக்கீட்டை மட்டுமே மறுக்கிறது. அரசமைப்பின் 243-ஈ பிரிவின் 6ஆம் உட்பிரிவு, பிற்பட்ட வகுப்பினருக்கு ஊராட்சிகளில் இடம் ஒதுக்க மாநிலச் சட்டமன்றத்துக்குத் தடையில்லை என்கிறது. ஒன்றிய, மாவட்ட நிலைகளில் இதனைப் பயன்படுத்த இயலும். சிற்றூராட்சிகளுக்கு, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்க 2025இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்திருத்தங்கள் முன்மாதிரியாகின்றன. நியமனம் தேர்தலுக்கு ஈடாகாது. எனினும் குரலே இல்லாத நிலையினும் மேலானது.

முடிவுரை

முற்கூறிய திருமானூர் வேட்புமனுவுக்கு இன்று கிடைக்கும் விடை, மனுவைப் பரிசீலிப்பவர் எத்தீர்ப்பை அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. வேட்பாளரின் தெரிவை உறுதிமொழியின்றி ஏற்கவேண்டும் என்னும் தெளிவான அறிவுறுத்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலுக்கு முன்னரே வழங்குதல் உடனடித் தேவை. சட்டமன்றத்தின் வழியே தனி இடம் அமைத்தல் அடுத்த தேவை. தனி ஈறு இல்லாதோரையும் உயர்திணையில் வைத்தது தொல்காப்பியம். அவர்களுக்கு ஊர் மன்றத்தில் ஓர் இடம் அமைத்தல் இன்றைய சட்டத்தின் கடன்.