சிறந்த நூற்பட்டியலும் மொழிபெயர்ப்பாளரும்

சிறந்த நூல்கள் இவையெனத் தொகுத்துரைக்கும் பட்டியல் திறனாய்வின் மிகச் சுருங்கிய வடிவமாகும். நூல்கள் பெருகிய நிலையில் எதனைப் படிப்பது என்னும் வினாவுக்கு அது விரைந்து விடை தருகின்றது. தாம் விரும்பிய நூலை அதிற் காணும் வாசகர் தம் சுவைக்குச் சான்று கிடைத்ததாக மகிழ்கின்றார். பட்டியலின் ஈர்ப்புக்கு இவ்விரண்டுமே காரணம். ஆயின், தெரிவுக்குரிய காரணம் கூறாது பெயர்களை மட்டும் நிரல்படுத்துவது திறனாய்வாகாது.

தமிழில் இம்முறையைத் தொடர்ந்து கையாண்டவர் க.நா.சுப்ரமண்யம் (1912-1988). அவர்தம் தெரிவு தனிமனிதச் சுவையின்பாற்பட்டது, சமூக அடிப்படையை நோக்காதது என மார்க்சியத் திறனாய்வாளர் மறுத்தனர். அம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் அவர் பட்டியலிடுவதோடு அமையவில்லை. 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூலில் தாம் தேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். பிறமொழிகளில் தமக்குப் பிடித்தவற்றைத் தாமே தமிழாக்கினார். நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' ஆகியவை அவ்வாறு வந்தவை. முன்னது நார்வே மொழியிலும் ஏனைய இரண்டும் சுவீடன் மொழியிலும் எழுதப்பட்டவை. தமிழுக்கு ஆங்கில வழியே வந்தன. ஆங்கிலம் வாயிலாக அமைந்ததேயன்றித் தெரிவின் எல்லையாக அமையவில்லை.

இந்திய மொழி நாவல்களின் நிலை வேறு. 1956இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' த.நா.குமாரஸ்வாமியாலும், அதீன் பந்தோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' சு.கிருஷ்ணமூர்த்தியாலும் வங்கமொழியிலிருந்து நேரே பெயர்க்கப்பட்டன. தமிழ் வாசகர் தம் விருப்ப நூல்களைக் கூறுமிடத்து இவை பன்முறை இடம்பெறுகின்றன. அங்கு மூல ஆசிரியர் பெயர் வரும். மொழிபெயர்ப்பாளர் பெயர் பெரும்பாலும் வாராது.

இவ்விடுபாடு மரியாதைக் குறைவு மட்டுமன்று. வங்கம் அறியாத வாசகர் சுவைத்தது தமிழ்த் தொடர்களையே. உறவுமுறைச் சொற்களும் வட்டார உரையாடலும் தமிழில் எவ்வாறு அமைந்தன என்பது அவர்தம் மதிப்பீட்டில் அடங்கியுள்ளது. அத்தொடர்களை ஆக்கியவரை நீக்கும் பட்டியல், தான் மதிப்பிட்ட பொருளையே மறைக்கின்றது. ஒரு நூல் இடம்பெறாதபோது குறை மூலத்தினதா, பெயர்ப்பினதா என்பதும் புலப்படாது போகின்றது.

சாகித்திய அக்காதெமி 1989இல் மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பரிசை ஏற்படுத்தியது. அவ்வேற்பு பட்டியல்களிலும் இடம்பெறல் வேண்டும். மூலமொழி, பெயர்த்தவர், நேரடிப் பெயர்ப்பா வழிமொழிப் பெயர்ப்பா என்னும் மூன்றும் குறிக்கப்பெற்றால், விருப்பநூற் பட்டியல் மொழிபெயர்ப்பு ஆய்வுக்குரிய தரவாகவும் பயன்படும்.