இரு வேங்கடங்கள்

வடவேங்கடம் என்றதும் எல்லைப் போராட்டமே நம் நினைவில் எழுகின்றது. 1953இல் திருப்பதியும் சித்தூரும் ஆந்திர மாநிலத்தில் அமைந்தன. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. அவ்வழக்கில் தொல்காப்பியப் பாயிரம் சான்றாயிற்று. அகநானூற்றையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும் என்பது நம் கருத்து.

மாமூலனார்க்கு வேங்கடம் புல்லியின் மலை. பொருள் தேடி அதனைக் கடந்து, வேற்றுமொழி வழங்கும் நாடு சென்ற தலைவனை எண்ணித் தலைவி வருந்துகின்றாள். பாயிரத்தின் வேங்கடம் நிலத்தை அளக்கின்றது. மாமூலனாரின் வேங்கடம் பிரிவை அளக்கின்றது. அரசாணை முன்னதன் பொருளை மாற்றிற்று, பின்னதைத் தீண்டவில்லை.

பிழைப்பு நாடி இம்மலையடியில் குடியேறிய நம் குடும்பங்களின் கதையும் அதுவே அன்றோ? நம் மக்களுக்குப் பாயிரத்தோடு மாமூலனாரையும் கற்பிப்போமாக.