சேமித்த வரைபடத்தைத் திருத்தும் முறை

பழனி மலைத்தொடரில் 2,343 மீட்டர் உயரத்தில், 1899-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், 1904 தொடங்கி, மேகம் விலகிய நாளெல்லாம் சூரிய பிம்பத்தைக் கண்ணாடித் தகட்டிலும் பின்னர் பிலிமிலும் பதிந்து பாதுகாத்த பெருஞ்செல்வம், இன்று எண்களாக மாற்றப்பட்டு ஆராய்ச்சி மாணவரின் மேஜைக்கே வந்துவிட்டது. சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ பதினோராண்டுச் சுழற்சியின் தொடக்கத்தில் முப்பது பாகை அட்சரேகையை அடுத்துத் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்லச் சூரிய நடுக்கோட்டை நோக்கி இறங்கி வருவதை வானியலாளர் எட்வர்ட் மாண்டர் அதே 1904-இல் வண்ணத்துப்பூச்சி வடிவில் வரைந்து காட்டினார். அந்தப் படத்தைக் கொடைக்கானல் எண்களைக் கொண்டு 'ஆர்' என்னும் கணினி மொழியில் வரைந்து, ஒரு பெயரிட்டுச் சேமித்து, வேண்டும்போது எடுத்துத் திருத்தி மீண்டும் காட்டும் வழக்கத்தின் குணதோஷங்களையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஆர் மொழியின் ஆதி வரைபட முறையில் ஒரு கோட்டைப் போட்டால் அது தாளில் ஊறிய மையைப் போன்றது. அச்சின் எல்லை பிசகிவிட்டால் முழுப் படத்தையும் முதலிலிருந்து வரைவதன்றி வேறு வழியில்லை. வரைபடத்தையே ஒரு பொருளாகக் கருதும் தத்துவம் இந்தச் சிரமத்தைப் போக்கிற்று. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த தீபயான் சர்க்கார் ஆக்கிய 'லாட்டிஸ்' தொகுப்பில், முன்பு வரைந்த படத்தை 'அப்டேட்' என்னும் ஒரே கட்டளையால் தலைப்பு மாற்றியும் எல்லை மாற்றியும் பெறலாம். ஹேட்லி விக்கமின் 'ஜிஜிபிளாட்-2' தொகுப்பிலோ, சேமித்த படத்தோடு ஒரு கூட்டல் குறியிட்டுப் புதிய அடுக்கைச் சேர்த்துவிடலாம்: இன்று புள்ளிகள், நாளை அவற்றின் சராசரிப் போக்கைக் காட்டும் வளைகோடு. சிந்தனை படிப்படியாக வளர்வதற்கேற்பப் படமும் வளர்கிறது. இது ஆராய்ச்சிக்குப் பெரும் உபகாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும், படம் உறைந்து நிற்கும் சித்திரமன்று. ஒவ்வொரு முறை காட்டப்படும்போதும் புதிதாகக் கணக்கிடப்படுவது. இதை மறப்பதில்தான் அபாயம் இருக்கிறது. ஒரு சுழற்சியின் வட அரைக்கோளப் புள்ளிகளும் அவற்றின் ஊடே செல்லும் வளைகோடும் கொண்ட படம் கையிலிருக்கிறது என்று கொள்வோம். நடுக்கோட்டை அடுத்த பகுதியைப் பெரிதாகக் காண விரும்பும் ஒருவர், அதனோடு ஜிஜிபிளாட்-2-இன் 'ஒய்லிம்' என்னும் கட்டளையால் 0 முதல் 20 பாகை வரை என்ற எல்லையைச் சேர்க்கிறார். அவர் கருதியது பார்வையை நெருக்குவது. நிகழ்வதோ, இருபது பாகைக்கு மேற்பட்ட புள்ளிகள் யாவும் கணக்கிலிருந்தே நீக்கப்படுவது. சுழற்சியின் தொடக்ககாலப் புள்ளிகளில் பெரும்பகுதி அவ்வாறு போய்விடவே, எஞ்சியவற்றைக் கொண்டு மீண்டும் கணக்கிடப்படும் வளைகோடு முன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் தொடங்கி, மெத்தெனச் சரிகிறது. கரும்புள்ளிகள் நடுக்கோட்டை நோக்கி நகரும் வேகமே குறைந்ததுபோல் ஒரு பொய்த்தோற்றம் உண்டாகிறது. 'கோஆர்ட்-கார்ட்டீசியன்' என்ற கட்டளையில் அதே எல்லையைத் தந்திருந்தால் ஒரு புள்ளியும் இழக்கப்படாமல் பார்வை மட்டும் நெருங்கியிருக்கும். இத்தனை வரிசைகள் நீக்கப்பட்டன என்று கணினி எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் நூறு படங்களை ஒருங்கே வரைபவர் எச்சரிக்கைகளைப் படிப்பது அரிது. பயனில் இத்தனை வேறுபட்ட இரண்டு கட்டளைகள் தோற்றத்தில் இத்தனை ஒத்திருப்பதை நான் அத்தொகுப்பின் கடுமையான குறை என்றே மதிக்கிறேன்.

இன்னொரு தோஷம் இதனினும் நுட்பமானது. சுழற்சிக்கு ஒரு படமாக, ஒரே கட்டளைத் தொடரை மீண்டும் மீண்டும் இயக்கும் 'ஃபார்' சுற்றில் வரைந்து பட்டியலில் சேமிக்கும்போது, தலைப்பு அப்போதே நிர்ணயமாகிவிடுகிறது. அட்டவணையின் எந்த நெடுவரிசையின் எண்களைக் குறிப்பது என்பதைச் சுற்றின் எண்ணைக் கொண்டு படத்தின் உள்ளே எழுதியிருந்தாலோ, அது காட்டும் வேளையில்தான் தேடப்படுகிறது. அதற்குள் சுற்று முடிந்து அவ்வெண் கடைசிச் சுழற்சியில் நிற்பதால், பதினாறாம் சுழற்சி, பதினேழாம் சுழற்சி என்று வெவ்வேறு தலைப்புகளின் கீழ் ஒரே சுழற்சியின் படம் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது. அந்தந்தச் சுழற்சியின் எண்களைப் பிரித்தெடுத்து அந்தந்தப் படத்திற்குள்ளேயே வைத்துவிட்டால் இவ்விபத்து நேராது.

சேமித்த பொருளையே நிரந்தர ஆவணமாகக் கொள்ளலாமா என்றால், கூடாது என்பதே என் துணிபு. 'ரெக்கார்ட்-பிளாட்' என்னும் கட்டளை கொண்டு பதிவுசெய்த படம் ஆர் மொழியின் ஒரு பதிப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுபடியாகாமல் போகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. 2025-இல் வெளிவந்த ஜிஜிபிளாட்-2-இன் நான்காம் பதிப்பு, படப்பொருளின் உள்ளமைப்பையே மாற்றிவிட்டது. மேலும் அப்பொருள் தன் மூல எண்களையும், சில சமயம் சுற்றியிருந்த மாறிகளையும் சுமந்து செல்வதால், பிறருக்கு அனுப்புகையில் நாம் அனுப்பக் கருதாததும் உடன் போய்விடக்கூடும். மூலத்தைக் காப்பதன் அருமைக்குக் கொடைக்கானலே சான்று: அங்கு கால்சியம் ஒளியில் எடுத்த சூரியப் படங்கள் முதலில் 8 பிட் நுணுக்கத்தில் எண்ணுருவாக்கப்பட்டு, பின்னர் 16 பிட் நுணுக்கத்தில், பக்கத்திற்கு 4,096 படப்புள்ளிகளாக மறுபடியும் எடுக்கப்பட்டன. முதல் நகலோடு திருப்தியுற்று மூலத் தகடுகளைக் கைவிட்டிருந்தால் இரண்டாவது முயற்சிக்கே இடமிருந்திராது. ஆதலின் படப்பொருளை அன்றாட வேலைக்கு வைத்துக்கொண்டு, எண்களின் அட்டவணையையும், படத்தை அடியிலிருந்து எழுப்பும் நிரலையும், பயன்படுத்திய தொகுப்புகளின் பதிப்பு எண்களையும் தனித்தனிக் கோப்புகளாகக் காப்பதே தகும்.