பட்டியலில் ஏறிய பெயர்

பெரிய திருவிழாவோ தேர்தலோ நெருங்கினால், சரித்திரப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது தமிழகக் காவல்துறையின் நெடுநாள் வழக்கம். இதற்கு இடம் தந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 129ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மூன்றாண்டு வரை பிணை கேட்கலாம்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1945இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 ஆண்களின் காவல் பதிவுகளைக் குற்றவியல் ஆய்வாளர் உல்ஃப்காங்கின் குழு ஆராய்ந்தது. 6 சதவீதம் பேர்தான் பாதிக்கும் மேற்பட்ட குற்றங்களைச் செய்திருந்தார்கள். அந்தச் சிலரைக் கண்காணிக்காமல் விட்டால், சாட்சி சொல்லப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் எளிய மக்கள்தான் அடிபடுவார்கள்.

ஆனால் பட்டியலுக்கு நேற்று மட்டுமே தெரியும். பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன சிறுவர்களின் வாழ்க்கையை முதுமைவரை தொடர்ந்த ஆய்வாளர்கள் சாம்ப்சனும் லாபும், பெரும்பாலோர் குற்றத்தை விட்டுவிட்டதைக் கண்டார்கள். நிலையான வேலையும் ஒட்டுதலான குடும்பமுமே அவர்களைத் திருப்பிய முக்கியக் காரணங்கள்.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இருபது வயதில் இரண்டு அடிதடி வழக்கு, பெயர் பதிவேட்டில் ஏறியது. இப்போது ஒழுங்காகத் தறிக்குப் போகிறான், வீட்டில் பெண் பார்க்கிறார்கள். திருத்தணி ஆடிக்கிருத்திகைக்கு முன் அவனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தால் அன்றைய கூலி போகும். வாசலில் ஜீப் நின்றதைத் தெருவே பார்க்கும். தறி முதலாளி வேறு ஆள் தேடுவார், பேசிவைத்த சம்பந்தம் தட்டிப்போகும். எந்த இரண்டு கயிறு அவனைக் கரையேற்றுமோ, அவற்றையே சட்டம் அறுக்கிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

இந்தப் பட்டியலுக்குப் பழைய வேர் உண்டு. பிறப்பையே குற்றமாக்கிய, 1871இல் முதன்முதல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920இல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1947இல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பரம்பரை போய்த் தனிமனிதன் வந்தான். குற்றம் ஒருவனின் சுபாவம் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

பிணை கேட்கும் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே தந்த அரசாணைகளை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. பதிவேட்டுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். பெயர் சேர்த்த காரணத்தை எழுத்தில் தரவேண்டும். சில ஆண்டுகள் வழக்கின்றி இருந்தவரின் பெயரை, அவர் மனுப் போட்டு அலையாமலே, அதிகாரிகள் தாங்களே நீக்க வேண்டும்.