ஊதா வெளிச்சம்

ஓசூர்ப் பக்கம் களிக்குக் கேழ்வரகு வாங்கினால் முறத்தில் புடைத்துத்தான் எடுப்பார்கள். உமி போகும், தூசி போகும். பூச்சிமருந்தின் மிச்சம் போகாது. அதற்குத்தான் குளிர் பிளாஸ்மா. தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இந்த நுட்பத்தை ஆராய்கிறார்கள்.

இரண்டு மின்முனைகள், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு தடுப்பு, ஆயிரக்கணக்கான வோல்ட். இடையிலுள்ள காற்று பிளாஸ்மாவாகி ஊதாவாக மினுங்கும். அது நைட்ரஜனின் நிறம். எலக்ட்ரான்கள் மட்டுமே கொதிக்கும், தானியம் அவ்வளவாகச் சூடாகாது. இந்த நயம்தான் என்னை மயக்குகிறது! அங்கே பிறக்கும் ஓசோனும் ஆக்சிஜன் அணுக்களும் மருந்தின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. கழுவ வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம்.

பாதியில் நிறுத்தினால் வம்பு. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து தன் கந்தக அணு ஒன்றை விட்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 'ஆக்ஸான்' ஆகும். அது மூலத்தைவிடக் கொடிய நஞ்சு. அதையும் உடைக்கும்வரை விடக்கூடாது. மணிக்குள் ஊறிய மருந்தை இது எட்டுவதும் கடினம்.

வேடிக்கை என்னவென்றால், கிருஷ்ணகிரிக் கேழ்வரகுக்குக் கிடங்கில் மருந்தே பெரிதாக வேண்டியதில்லை. பொடிமணி, வண்டு எளிதில் அண்டாது, ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். இந்த வெளிச்சத்துக்கு முன்னால் முதலில் வரிசையில் நிற்க வேண்டியவை கோதுமையும் அரிசியும்தான்.