குர்க்குமினும் பைப்பரினும்: ‘2000 விழுக்காடு’ என்னும் எண்ணைக் குறித்த ஒரு மறுவாசிப்பு

திறவுச்சொற்கள்: உயிர்க்கிடைப்பு, குர்க்குமின், பைப்பரின், திரிகடுகு, மருந்து இயக்கவியல்

சித்த மருத்துவக் கூட்டுமருந்துகளுக்கு அறிவியல் அடிப்படை காட்ட முற்படும் கட்டுரைகளில் ஓர் எண் அடிக்கடி இடம்பெறுகிறது. மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளிலுள்ள குர்க்குமினின் உயிர்க்கிடைப்பை 2000 விழுக்காடு உயர்த்துகிறது என்பதே அது. சிலரது எழுத்தில் விழுக்காடு ‘மடங்கு’ எனத் திரிந்துவிடுவதும் உண்டு. இவ்வெண் பொய்யன்று. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ‘பிளாண்டா மெடிக்கா’ இதழில் வெளியிட்ட முடிவு அது. ஆயினும், அவ்வாய்வு எதனை அளந்தது என்று வினவாமல் அதனைத் திரிகடுகின் சான்றாக நிறுத்துவது ஏற்புடையதன்று.

அவ்வாய்வில் உடல்நலமுள்ளோர்க்கு 2 கிராம் குர்க்குமின் தனியாகக் கொடுக்கப்பட்டபோது குருதிநீரில் அது கண்டறிய இயலாத அளவிலோ மிகக் குறைந்த அளவிலோ இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது முதல் ஒரு மணி நேரத்திற்குள் செறிவு பெரிதும் உயர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பெற்ற விகிதமே 2000 விழுக்காடு. வகுக்கும் எண் சுழியை நெருங்கினால் ஈவு பெருகும் என்பது எளிய கணிதம். அதே கட்டுரையில், தனிக் குர்க்குமினே அளவிடத்தக்க செறிவைத் தந்த எலிகளில் உயர்வு 154 விழுக்காடு மட்டுமே. எலிக்கும் மனிதர்க்கும் வளர்சிதை மாற்றம் வேறுபடும் என்பது உண்மைதான். ஆனால் மேற்கோள் காட்டுவோர் இந்த இரண்டாம் எண்ணை ஏன் விட்டுவிடுகின்றனர்?

அளவீட்டு முறையிலும் சிக்கல் உண்டு. உட்கிரகிக்கப்பட்ட குர்க்குமின் குடற்சுவரிலும் கல்லீரலிலும் குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் விரைந்து இணைகிறது. குருதி மாதிரியை நொதியால் பகுத்து அவ்விணைப்புகளை உடைத்தபின் அளந்தால் கிடைப்பது ‘மொத்தக் குர்க்குமின்’. உடைக்காமல் அளந்தால் கட்டற்ற குர்க்குமின். இரண்டும் ஒரே பெயரில் அட்டவணைகளில் அருகருகே நிற்கின்றன. மேலும், 37 பாகை செல்சியசில், 7.2 காரகாடித்தன்மை கொண்ட தாங்கற்கரைசலில், அரைமணி நேரத்திற்குள் குர்க்குமினில் ஏறக்குறைய 90 விழுக்காடு சிதைகிறது. மாதிரியைக் கையாண்ட விதத்தைக் குறிப்பிடாத எண்ணை வேறோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை.

அளவு பற்றியும் ஒரு சொல். மஞ்சள்தூளில் குர்க்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடே. 2 கிராம் பெற 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். பைப்பரினோ மிளகில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 20 மில்லிகிராமுக்கு அரைகிராம் மிளகே மிகுதி. ஆகவே மிளகின் பக்கம் அடுக்களை அளவோடு பொருந்துகிறது, மஞ்சளின் பக்கம் பொருந்தவில்லை. (பாலும் நெய்யும் அனுபானமாவது கொழுப்பில் கரைதல் தொடர்பான தனிக் கேள்வி.) திரிகடுகுக்குச் சான்று தேடுவோர்க்கு 1981-இல் அடல் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதனினும் நெருக்கமானது. ஆடாதோடையின் வாசிசின் என்ற அல்கலாய்டோடு திப்பிலியைச் சேர்த்துக் குருதிச் செறிவை அளந்தவர்கள் அவர்கள். அங்கே துணைச்சரக்கும் மூலிகையும் மரபிலேயே ஒன்றோடொன்று வழங்குபவை. ஆனால் அந்த ஆய்வு நம் கட்டுரைகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. எண் சிறியது என்பதாலோ என்னவோ.

இவை அனைத்தினும் கவலைக்குரியது, உயர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றிய மௌனம். பைப்பரின் குர்க்குமினுக்கென்று தனியே வழி திறப்பதில்லை. குளுக்குரோனைடு இணைப்பைத் தடுக்கிறது. கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகளில் முதன்மையான ஒன்றையும், அயற்பொருளைக் குடலுக்குத் திருப்பியனுப்பும் பி-கிளைக்கோபுரதத்தையும் தடுக்கிறது. பெனிட்டாயின், புரோப்ரனலால், தியோபிலின் ஆகியவற்றின் குருதிச் செறிவும் பைப்பரினால் உயர்ந்ததை மனிதர்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பெனிட்டாயினில் பயன்தரும் செறிவுக்கும் நஞ்சாகும் செறிவுக்கும் இடைவெளி குறுகியது. வலிப்புநோய்க்கு அதனை உட்கொள்பவர், கட்டுரையொன்றை நம்பிப் பைப்பரின் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையைத் தாமாகத் தொடங்கினால், அக்கட்டுரை சிறப்பெனக் கூறிய அதே வினைதான் அவரது மருந்தின் மீதும் நிகழும். 2000 விழுக்காட்டை எழுதும் இடத்திலேயே இதனையும் எழுதியாக வேண்டும்.