யார் கடனாளி?

பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவள் நான். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வரும் அந்த ஜெபத்தில், மன்னிக்க வேண்டியதைப் பழைய மொழிபெயர்ப்பு ‘கடன்’ என்கிறது. நாமக்கல் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு உரை தேவையில்லை. லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் ஃபைனான்ஸ் வாங்கி, புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஊர். கடனைத் தள்ளுபடி செய்கிறவர் கையில் நோட்டு இருக்க வேண்டும்; வாங்கியவர் வாங்கியதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

என் பெரியம்மாவிடம் அப்படி எந்த நோட்டும் இல்லை. வீங்கிய முகத்தோடு சபைப் பெரியவர்களிடம் போனவரை, ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லி, ஜெபம் பண்ணி வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியப்பாவைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடன் உண்டு என்றே எழுதாத இடத்தில் எதைத் தள்ளுபடி செய்வது?

அந்த ‘ஏழெழுபது தரம்’ வருவது மத்தேயு 18இல். பெண்கள் அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்க வேண்டும் என்பேன். மன்னிப்புக்கு எண்ணிக்கை கேட்கும் பேதுரு வருவதற்கு முன்பே ஒரு நடைமுறை சொல்லப்பட்டுவிடுகிறது. தவறு செய்தவனிடம் நேரில் போய் அதைச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபையில் சொல்ல வேண்டும். சபைக்கும் அடங்காதவன் வெளியாள். பெரியம்மா சபைக்குத்தான் போனார். சபை இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டது.

பேதுருவுக்குப் பதிலாக வரும் உவமையும் அப்படித்தான் திரிக்கப்படுகிறது. ராஜா முதலில் கணக்குப் பார்க்கிறான். 10,000 தாலந்து கடனைப் பிறகுதான் விடுகிறான். விடுதலையான வேலைக்காரன் வெளியே வந்து, 100 வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் கழுத்தை நெரிக்கிறான். மன்னிக்காத மனைவியைத்தான் இந்தக் கெட்ட வேலைக்காரனாகக் காட்டிப் பிரசங்கம் செய்கிறார்கள். என் வாசிப்பில் அவள் கழுத்து நெரிபடுகிறவள். பொறுத்துப்போ என்று அவனிடம் கதையில் யாரும் சொல்வதில்லை. பார்த்த மற்ற வேலைக்காரர்கள் நேராக ராஜாவிடம் போய்ச் சொல்கிறார்கள். கொடுத்த மன்னிப்பு திரும்பப் பெறப்படுகிறது. பார்த்தவர்கள் வாய் திறந்த கதை இது!

எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் நான் அடிக்கடி கேட்ட பெயர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரி 22 நள்ளிரவில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரஹாமையும் பிலிப், திமோத்தி என்ற இரு மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்தார்; பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியிலேயே 2004 வரை இருந்தார். அந்த மன்னிப்பின் முன் எனக்குப் பேச்சு வருவதில்லை. ஆனால் அவரைக் காட்டி அடிபடுகிற பெண்ணை அடக்குகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதில் கிளாடிஸ் தெளிவாக இருந்தார். வழக்கு நடந்தது. 2003இல் தாரா சிங்குக்கு மரண தண்டனை. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது. நடந்ததைக் கொலை என்று நாடே சொன்னது. மன்னிக்கப்பட்டவன் சிறையில் இருந்தான். அவனுக்குக் கிளாடிஸ் மறுநாள் காலையில் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பெரியம்மாவுக்குச் சட்டமும் துணையில்லை. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவிக்கு வேறு உறவு இருந்தது என்று நிரூபித்தால் கணவனுக்குப் போதும். மனைவியோ கணவனின் வேறு உறவோடு கொடுமையையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும்; கொடுமை மட்டும் போதாது. 2001இல்தான் அது திருத்தப்பட்டது. அப்போது பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. ஜெபத்தில் அந்த ஒரு வரி வரும்போது அவர் உதடு அசையாது. மறதி என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம்.